நகரமா, நாட்டுப்புறமா? – பிரான்சில் ஏழு நாள்கள்

நுழையும்முன்

கையில் இருப்பவை ஏழு நாள்கள். காண விரும்பும் நாடோ ஐந்தரை இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. எதைக் காண்பது? எதை விடுவது? சிறு விடுமுறையில் பிரான்சுக்குச் செல்லும் எவரும் எதிர்கொள்ளும் வினா இது. இதற்கு விடை தேடும்போது, அந்நாட்டின் இருப்புப்பாதை, ஓவியக்கலை, உழவர் வாழ்வு, தொழிலாளர் உரிமை ஆகியவற்றின் வரலாறும் உடன் விரிகிறது. அவ்வரலாற்றின் துணைகொண்டு பயணத்தைத் திட்டமிடும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்துக் கோடி வெளிநாட்டுப் பயணிகள் பிரான்சுக்கு வருகின்றனர். உலகில் மிகுதியான பயணிகளை ஈர்க்கும் நாடாக அது விளங்குகிறது. ஆயினும், அங்குச் செல்வோர் பலர்க்கும் வாய்ப்பது சில நாள் விடுமுறையே.

பயணத் திட்டம் வகுக்க அமர்பவர் முதலில் நிலப்படத்தை விரிக்கிறார். பாரிசின் ஐஃபெல் கோபுரம், லுவார் ஆற்றங்கரை மாளிகைகள், புரோவான்சின் ஊதாநிற இலாவண்டர் வயல்கள், ஆல்ப்ஸ் மலையின் பனிமுகடுகள், மத்தியதரைக் கடற்கரை என ஒவ்வொன்றும் அவரை அழைக்கின்றது. நிலப்படத்தில் இவையெல்லாம் விரற்கடைத் தொலைவில்தான் இருக்கின்றன. ஏழு நாள்களில் ஐந்து ஊர்கள் என்று அவர் எழுதிவிடுகிறார். வீடு திரும்பியபின் அவர் நினைவில் எஞ்சுபவை தொடர்வண்டி நிலையங்களும், விடுதிகளின் வரவேற்பறைகளும், பெட்டி கட்டுவதிலேயே கழிந்த காலைப் பொழுதுகளுமே ஆகும்.

இந்நிலையைத் தவிர்க்க எண்ணுவோர்முன் நிற்கும் முதல் வினா, நகரத்தில் தங்குவதா, நாட்டுப்புறத்தில் தங்குவதா என்பதாகும். நாட்டுப்புறத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நகரத்தை விரும்புவோர் கேட்பர். பாரிசை மட்டும் கண்டவர் பிரான்சைக் கண்டவர் ஆகார் என்று நாட்டுப்புறத்தை விரும்புவோர் கூறுவர். இருவர் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. அதனை எடைபோட, பிரெஞ்சு மக்களே விடுமுறையைப் பெற்ற கதையிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

விடுமுறை என்னும் உரிமை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடற்கரைக்கும் மலைவாழிடத்துக்கும் ஓய்வுக்காகச் செல்வது செல்வர்களின் வழக்கமாக இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கு வேலையில்லாத நாள் கூலியில்லாத நாளாகவே கழிந்தது. 1936ஆம் ஆண்டு நாடெங்கும் பெரும் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், லெயோன் புளூம் தலைமையிலான மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர் அனைவருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரங்கள் ஊதியத்துடன் கூடிய விடுமுறையைச் சட்டமாக்கியது. தொழிலாளர் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையுடன் தொடர்வண்டிப் பயணச்சீட்டுகளும் வழங்கப்பட்டன. அந்தக் கோடையில் வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைக் கண்டவர் பலர். நகரத்தில் குடியேறியிருந்த பலர் தாம் பிறந்த சிற்றூருக்குத் திரும்பிச் சென்று உறவினரைக் கண்டனர்.

இவ்வுரிமை 1956இல் மூன்று வாரங்களாகவும், 1969இல் நான்கு வாரங்களாகவும், 1982இல் ஐந்து வாரங்களாகவும் வளர்ந்தது. இன்றும் ஆகஸ்டு மாதம் வந்துவிட்டால் பாரிசின் குடியிருப்புப் பகுதிகளில் பல சிறு கடைகள் கதவடைத்து, திரும்பும் நாளைக் குறித்த தாளொன்றைக் கதவில் ஒட்டிச் செல்கின்றன. நகரத்தார் நாட்டுப்புறத்துக்குச் செல்வது அங்கே ஒருவகை ஊர்திரும்பல் ஆகும். எனவே, நகரமும் நாட்டுப்புறமும் அந்நாட்டில் ஒன்றையொன்று அறியாத இரண்டு உலகங்கள் அல்ல.

விண்மீன் வடிவில் ஓர் இருப்புப்பாதை

சிறு விடுமுறையில் எந்த ஊர் அண்மை, எந்த ஊர் சேய்மை என்பதைக் கிலோமீட்டர் முடிவு செய்வதில்லை. இருப்புப்பாதையே முடிவு செய்கிறது. பிரான்சின் முதன்மையான இருப்புப்பாதைகளின் வடிவம் 1842ஆம் ஆண்டுச் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. லெகிராந் என்னும் பொறியாளர் வகுத்த அத்திட்டத்தில் பாரிசு நடுவில் இருந்தது. அங்கிருந்து எல்லைகளையும் துறைமுகங்களையும் நோக்கிப் பாதைகள் பிரிந்தன. நிலப்படத்தில் அது விண்மீனைப்போல் தோன்றியதால் ‘லெகிராந் விண்மீன்’ என்று பெயர்பெற்றது.

1981இல் பாரிசையும் லியோனையும் இணைத்து டி.ஜி.வி. எனப்படும் அதிவேகத் தொடர்வண்டி ஓடத் தொடங்கியபோதும் அவ்வடிவம் மாறவில்லை. இன்று பாரிசிலிருந்து லியோனுக்கு இரண்டு மணிநேரம்; போர்தோவுக்கு இரண்டு மணிநேரத்துக்குச் சற்று மிகுதி; ஸ்திராஸ்பூருக்கு இரண்டு மணிநேரத்துக்கும் குறைவு; ஏறத்தாழ 750 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மார்செய் நகருக்குச் சற்றேறக்குறைய மூன்று மணிநேரம். ஆனால், கிழக்கிலுள்ள லியோனிலிருந்து மேற்கிலுள்ள போர்தோவுக்குச் செல்வோர் பெரும்பாலும் பாரிசு வட்டாரத்தைச் சுற்றியே செல்ல நேர்கிறது. அதற்கு ஐந்து மணிநேரமோ அதற்கு மேலோ ஆகின்றது. விண்மீனின் ஒரு முனையிலிருந்து நடுவுக்கு வருவது எளிது. ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குச் செல்வது அரிது.

பாரிசிலேயே இன்னொரு நுட்பமும் உண்டு. அந்நகரில் எல்லாத் தொடர்வண்டிகளும் வந்துசேரும் ஒற்றை நடுவண் நிலையம் இல்லை. வடக்கு, கிழக்கு, லியோன், ஓஸ்தர்லிட்ஸ், மோன்பர்னாஸ், சேன் லசார் என ஒவ்வொரு திசைக்கும் ஒரு நிலையம் உள்ளது. வடக்கிலிருந்து வந்து தெற்கே செல்பவர் பெட்டியைச் சுமந்துகொண்டு மெத்ரோ என்னும் சுரங்கத் தொடர்வண்டியில் நகரைக் கடக்க வேண்டும். திட்டமிடுவோர் பலர் இந்த ஒரு மணிநேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எல்லாப் பாதைகளும் பாரிசை நோக்கியதால் ஏற்பட்ட விளைவு பயணிகளை மட்டும் சார்ந்ததன்று. மக்களும் தொழிலும் கல்வியும் அப்பாதைகளின் வழியே தலைநகரை அடைந்தன. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகர மக்கள்தொகை முதன்முறையாக நாட்டுப்புற மக்கள்தொகையை விஞ்சியது. ழான் பிரான்சுவா கிராவியே என்னும் புவியியல் அறிஞர் 1947இல் வெளியிட்ட நூலுக்குப் ‘பாரிசும் பிரெஞ்சுப் பாலைவனமும்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். தலைநகர் வளர வளர நாட்டின் பிற பகுதிகள் வறண்டுபோகின்றன என்பது அவர் முன்வைத்த வாதம். சிற்றூரின் அமைதியை நாடிச் செல்லும் பயணி, அவ்வமைதியின் ஒரு பகுதி மக்கள் வெளியேறியதால் வந்தது என்பதை மறத்தலாகாது.

நகரம் தருவது

குறைந்த நாள்களில் மிகுதியானவற்றைக் காட்டும் ஆற்றல் நகரத்துக்கே உண்டு. பாரிசு நகரின் பரப்பு ஏறத்தாழ 105 சதுர கிலோமீட்டர் மட்டுமே. இருபது வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட அந்நகரில் வட்டங்களின் எண்கள் நடுவிலிருந்து நத்தையோட்டின் சுழலைப்போல் வெளிநோக்கி விரிகின்றன. 1900ஆம் ஆண்டு தொடங்கிய மெத்ரோ முந்நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களைக் கொண்டுள்ளது. ஒரு வண்டியைத் தவறவிட்டால் சில நிமிடங்களில் அடுத்தது வந்துவிடும். மழை பெய்தால் அருங்காட்சியகத்தினுள் நுழையலாம். வெயில் வந்தால் செய்ன் ஆற்றங்கரையில் நடக்கலாம். திட்டம் பிழைத்தாலும் நாள் வீணாவதில்லை என்பதே நகரத்தின் பெருங்கொடை.

1853 முதல் 1870 வரை செய்ன் மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த ஓஸ்மான், இடைக்காலத்தின் நெருக்கமான சந்துகளை இடித்து அகன்ற சாலைகளை அமைத்தார். இன்று பயணி வியக்கும் சீரான கல்மாடங்களும் நேர்கோட்டுச் சாலைகளும் பெரும்பாலும் அக்காலத்தவை. பழைய குடியிருப்புகளை இழந்த ஏழைகள் பலர் நகரின் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டனர் என்பதும் அவ்வழகின் மறுபக்கமாகும். 1163ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கிய நோத்ர்தாம் பேராலயம் 2019 ஏப்ரலில் தீப்பற்றியது. தச்சர்களும் கல்தச்சர்களும் கண்ணாடிக் கலைஞர்களும் ஐந்தாண்டுகள் உழைத்தபின் 2024 திசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது.

நகரத்திலும் கிழமை அறிந்து செல்ல வேண்டும். லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இதை அறியாமல் ஏழு நாள்களில் ஒன்றை மூடிய கதவின்முன் இழப்போர் உண்டு.

பாரிசு என்பது அரண்மனைகளும் ஓவியங்களும் மட்டுமன்று. வடக்கு நிலையத்துக்கு அருகிலுள்ள லா சப்பெல் பகுதியில், 1980களில் இலங்கைப் போரிலிருந்து தப்பிச்சென்ற தமிழர்கள் அமைத்த கடைகள் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுடன் வரிசையாக நிற்கின்றன. அங்கு ஆண்டுதோறும் கோடை முடிவில் பிள்ளையார் தேர் பாரிசுத் தெருக்களில் வலம்வருகிறது. உலகின் பல பகுதிகளிலிருந்தும் வந்தோர் ஒரே தெருவில் வாழ்வதைக் காட்டுவதும் நகரமே.

நாட்டுப்புறம் தருவதும் கேட்பதும்

பிரான்சில் ஏறத்தாழ 35,000 உள்ளாட்சி அலகுகள் உள்ளன. ‘கொம்யூன்’ எனப்படும் இவற்றுள் பெரும்பாலானவை சில நூறு பேர் வாழும் சிற்றூர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயரும் ஊர் மன்றமும் உண்டு. நடுவில் ஒரு சதுக்கம். அதன் பக்கத்தில் கோயில். எதிரே மேயர் அலுவலகம். அருகே முதல் உலகப்போரில் இறந்த அவ்வூர் இளைஞர்களின் பெயர் பொறித்த நினைவுக்கல். மிகச் சிறிய ஊரிலும் அக்கல்லில் பல பெயர்கள் இருப்பதைக் காணும் பயணி, எந்த அருங்காட்சியகமும் சொல்லாத ஒன்றை அங்கே அறிகிறார்.

வாரச் சந்தை நாட்டுப்புறத்தின் உயிர்நாடியாகும். குறித்த கிழமையின் காலையில் சதுக்கத்தில் கடைகள் விரிகின்றன. பாலாடைக்கட்டி, தேன், காய், கனி ஆகியவற்றுள் பலவற்றை விளைவித்தவரே விற்கிறார். நண்பகலுக்குள் சந்தை கலைந்துவிடும். கடைக்குள் நுழைபவர் ‘போன்சூர்’ என வணக்கம் கூறிய பின்னரே எதையும் கேட்பது அங்குள்ள மரபு. வணக்கமின்றிக் கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படும்.

ஆயினும், நாட்டுப்புறம் பயணியிடம் சிலவற்றைக் கேட்கிறது. அவற்றுள் முதன்மையானது பொறுமை. பல ஊர்களில் நண்பகல் 12 மணி முதல் 2 மணி வரை கடைகள் மூடப்படும். ஞாயிறு பிற்பகலும் திங்கட்கிழமையும் பல கடைகள் திறப்பதில்லை. பேருந்துகள் பெரும்பாலும் பள்ளி மாணவரின் வருகைக்கும் திரும்பலுக்கும் ஏற்ப இயங்குகின்றன. ஆகவே, அவை காலையில் சில, மாலையில் சில என்றே அமைகின்றன. ஞாயிற்றுக்கிழமையிலும் பள்ளி விடுமுறையிலும் மேலும் குறைகின்றன. இரண்டு மணிக்குரிய பேருந்தைத் தவறவிட்டவருக்கு அடுத்த பேருந்து மாலையில்தான் வரக்கூடும். மகிழுந்து ஓட்டத் தெரிந்தவருக்கு இத்தடை இல்லை. ஆனால், அவர் சாலையின் வலப்பக்கம் ஓட்டப் பழக வேண்டும். மற்றவர்கள் தொடர்வண்டி நிற்கும் சிற்றூரைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து நடந்தோ மிதிவண்டியிலோ செல்வதே அறிவுடைமை.

ஒரு குளமும் இரண்டு அறைகளும்

நகரத்தையும் நாட்டுப்புறத்தையும் ஒன்றுக்கொன்று எதிரானவையாக வைத்துத் தேர்ந்தெடுப்பதில் ஒரு குறை உண்டு. ஒன்றில் காண்பதன் பொருள் மற்றொன்றில் இருக்கலாம். ஓவியர் குளோத் மோனேயின் வாழ்வு இதற்குச் சிறந்த சான்றாகும்.

மோனே 1883இல் ஜிவெர்னி என்னும் சிற்றூரில் குடியேறினார். பத்தாண்டுகளுக்குப்பின் தம் வீட்டுக்கு எதிரே, இருப்புப்பாதைக்கு அப்பாலிருந்த நிலத்தை வாங்கி, சிற்றாறொன்றின் கிளையிலிருந்து நீரைத் திருப்பிக் குளம் அமைக்க முயன்றார். அயல்நாட்டுச் செடிகள் நீரைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி ஊரார் எதிர்த்தனர். ஆற்றுநீரை நம்பிக் கால்நடை வளர்த்த அவர்களுடைய அச்சத்தில் வியப்பில்லை. இறுதியில் இசைவு கிடைத்தது. குளத்தில் அல்லிகள் மலர்ந்தன. தம் வாழ்வின் கடைசி முப்பது ஆண்டுகளில் பெரும்பகுதியை மோனே அந்த அல்லிகளையும் நீரில் தோன்றும் வானத்தையும் வரைவதிலேயே கழித்தார்.

1918 நவம்பர் 11ஆம் நாள் முதல் உலகப்போர் ஓய்ந்தது. மறுநாளே மோனே தம் நண்பரும் தலைமை அமைச்சருமான கிளெமான்சோவுக்குக் கடிதம் எழுதி, தம் ஓவியங்களை நாட்டுக்கு வழங்க முன்வந்தார். பின்னர் அவ்வன்பளிப்பு விரிவடைந்தது. அவர் 1926 திசம்பரில் மறைந்தார். அடுத்த ஆண்டு, பாரிசின் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் இரண்டு நீள்வட்ட அறைகளில் அந்த அல்லி ஓவியங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.

சேன் லசார் நிலையத்திலிருந்து வெர்னோனுக்குத் தொடர்வண்டியில் ஒரு மணிநேரத்துக்குள் சென்றுவிடலாம். அங்கிருந்து ஜிவெர்னி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். இளவேனில் முதல் இலையுதிர்காலம் வரை தோட்டம் திறந்திருக்கும். காலையில் குளத்தைக் கண்டு, மறுநாள் ஒராஞ்சரியின் அறைகளில் நிற்பவருக்கு இரண்டும் விளங்குகின்றன. குளத்தை மட்டும் கண்டவருக்கு அது அழகிய தோட்டம். ஓவியத்தை மட்டும் கண்டவருக்கு அது வண்ணங்களின் பரப்பு. இரண்டையும் கண்டவரோ ஒரு மனிதர் முப்பது ஆண்டுகள் எதை உற்றுநோக்கினார் என்பதை அறிகிறார்.

இத்தகைய இணைகள் பல உண்டு. ஓர்சே அருங்காட்சியகத்தில் மில்லே 1857இல் வரைந்த ‘கதிர் பொறுக்குவோர்’ ஓவியம் உள்ளது. அறுவடை முடிந்த வயலில் சிதறிய கதிர்களைக் குனிந்து பொறுக்கும் மூன்று ஏழைப்பெண்களை அது காட்டுகிறது. அவ்வோவியம் பிறந்த பர்பிசோன் சிற்றூர் பாரிசிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பொந்தேன்புளோ காட்டின் ஓரத்தில் இருக்கிறது. ஷார்த்ர் நகரமும் அவ்வாறே. மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரப் பயணத்தில், போஸ் சமவெளியின் கோதுமை வயல்களுக்கு மேலாக அதன் பேராலயக் கோபுரங்கள் இரண்டும் தொலைவிலிருந்தே தெரிகின்றன. 1194ஆம் ஆண்டுத் தீக்குப்பின் எழுந்த அப்பேராலயத்தைத் தாங்கிய செல்வத்தில் பெரும்பங்கு அவ்வயல்களின் விளைச்சலே.

நாள்களின் கணக்கு

இனி, ஏழு நாள்களைப் பகுத்துப் பார்க்கலாம். வந்திறங்கும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுமையாகக் கிடைப்பவை ஐந்து நாள்களே. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குத் தங்குமிடம் மாற்றும்போது பெட்டி கட்டுதல், அறையைக் காலி செய்தல், நிலையம் செல்லுதல், காத்திருத்தல், பயணம் செய்தல், புதிய விடுதியைத் தேடிக் கண்டடைதல் என அரைநாள் கழிந்துவிடும். ஐந்து ஊர்களில் தங்குபவர் நான்குமுறை இடம் மாறுகிறார். இரண்டு நாள்களை இழக்கிறார். எஞ்சும் மூன்று நாள்கள் ஐந்து ஊர்களுக்கும் பங்கிடப்படுகின்றன. இரண்டு ஊர்களில் மட்டும் தங்குபவர் இழப்பது அரைநாள். அவருக்கு நான்கரை நாள்கள் எஞ்சுகின்றன. குறைவான ஊர்களைத் தேர்ந்தவரே மிகுதியாகக் காண்கிறார் என்பது இக்கணக்கின் முடிவு.

எனவே, ஏழு நாள்களுக்கு ஒரு நகரமும் அதனோடு நேர்ப்பாதையால் இணைந்த ஒரு நாட்டுப்புறமும் போதும். பாரிசும் லுவார் பள்ளத்தாக்கும் அத்தகைய இணையாகும். பாரிசிலிருந்து தூர் நகருக்கு அதிவேகத் தொடர்வண்டியில் ஒரு மணிநேரத்துக்குச் சற்று மிகுதி. அங்கிருந்து அம்புவாஸ் சிற்றூர் இருபது நிமிடம். மற்றொரு பாதையில் ஷெனோன்சோ மாளிகை அரைமணி நேரம். இரண்டிலும் தொடர்வண்டி நிற்கும். புகழ்பெற்ற ஷாம்போர் மாளிகைக்கோ இருப்புப்பாதை இல்லை. புளுவா நகரில் இறங்கிச் சாலைவழியே செல்ல வேண்டும். நாள்கள் குறைந்தவர் முதலிரண்டைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஷெனோன்சோ மாளிகை ஷேர் ஆற்றின்மேல் பாலம்போல் நிற்கிறது. இரண்டாம் உலகப்போரில் செருமானியர் கைப்பற்றிய பகுதிக்கும் கைப்பற்றாத பகுதிக்கும் இடையே அந்த ஆறு எல்லையாக இருந்தது. மாளிகையின் ஒரு வாயில் ஒரு கரையிலும் மறுவாயில் எதிர்க்கரையிலும் இருந்தமையால், அதன் நீண்ட கூடத்தின் வழியே பலர் தப்பிச்சென்றனர். அம்புவாஸில் முதலாம் பிரான்சுவா மன்னரின் அழைப்பை ஏற்றுவந்த லியொனார்டோ டா வின்சி தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து, 1519இல் மறைந்தார். இத்தாலியிலிருந்து வந்தபோது அவர் தம்முடன் கொண்டுவந்த ஓவியங்களுள் ஒன்றே மோனாலிசா. லூவர் அருங்காட்சியகத்தில் பெருங்கூட்டத்தினிடையே சில நொடிகள் காணக்கிடைக்கும் அவ்வோவியம், ஒரு காலத்தில் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் அமைதியில் இருந்தது.

இவ்விரண்டனுள் எதனை முதலில் காண்பது? நாட்டுப்புறத்தை முதலிலும் நகரத்தைப் பின்னரும் வைத்துக்கொள்வது நன்று. திரும்பும் வானூர்தி பெரும்பாலும் நகரத்திலிருந்தே புறப்படும். நாட்டுப்புறத்தில் ஒரு பேருந்தைத் தவறவிட்டால் பயணத்தின் நடுவில் சில மணிநேரம் இழப்பு. அதே தவறு கடைசி நாளில் நேர்ந்தால் வானூர்தியே தவறிவிடும். ஐந்து நாள்களுக்கும் குறைவாக உள்ளவர் தங்குமிடத்தை மாற்றாமல் நகரத்திலேயே தங்கி, ஜிவெர்னிக்கோ ஷார்த்ருக்கோ ஒருநாள் சென்றுவரலாம்.

பருவமும் தேர்வைத் தீர்மானிக்கிறது. சூன் மாதத்தில் பாரிசில் இரவு பத்து மணியளவில்தான் கதிரவன் மறைகிறான். வயல்வெளி நடைக்கு அக்காலம் ஏற்றது. திசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருள் சூழ்கிறது. அப்போது விளக்கொளியும் அருங்காட்சியகங்களும் நிறைந்த நகரமே பொருந்தும். இலாவண்டர் காணப் புரோவான்சு செல்பவர் சூன் நடுவிலிருந்து சூலை நடுவரை செல்ல வேண்டும். ஆகஸ்டில் சென்றால் பல வயல்களில் அறுவடை முடிந்த தாள்களையே காண நேரும்.

காட்சிப்பொருளா, வாழ்விடமா?

பயணியின் தேர்வு அவரோடு முடிவதில்லை. இன்று பிரான்சில் ஏறத்தாழப் பத்தில் ஒரு வீடு, உரிமையாளர் விடுமுறையில் மட்டும் வந்து தங்கும் இரண்டாம் வீடாகும். கடற்கரை, மலைப் பகுதிச் சிற்றூர்கள் பலவற்றில் குளிர்காலத்தில் சாளரங்கள் மூடியே கிடக்கின்றன. ஆண்டு முழுவதும் வாழ்வோர் குறைந்தால் ஊரின் ரொட்டிக்கடையும் பள்ளியும் நிலைப்பது கடினம்.

இந்நிலையை எதிர்கொள்ள நாட்டுப்புறத்தாரே வழிகளைக் கண்டனர். 1950களில் ‘ஜீத்’ எனப்படும் நாட்டுப்புறத் தங்கல் வீடுகள் பெருகத் தொடங்கின. பயன்படாதிருந்த பண்ணை வீடுகளைச் செப்பனிட்டு நகரத்தாருக்கு வாடகைக்கு விட்டதால் உழவருக்குக் கூடுதல் வருவாய் கிடைத்தது. எளிய குடும்பங்களுக்கு விடுமுறையும் கிடைத்தது. கொலோன்ஜ் லா ரூஜ் என்னும் செந்நிறக் கல் வீடுகளைக் கொண்ட ஊரின் மேயர் ஷார்ல் செராக், 1982இல் ‘பிரான்சின் மிக அழகிய சிற்றூர்கள்’ என்னும் சங்கத்தைத் தொடங்கினார். இரண்டாயிரம் பேருக்கு மேற்படாத ஊர்களே அதில் சேரலாம். அச்சங்கத்தால் பல ஊர்கள் புத்துயிர் பெற்றன. அதேவேளையில், புகழ்பெற்ற ஊர்களில் கோடை நண்பகலில் நடக்க இடமின்றிக் கூட்டம் நிறைவதும் உண்டு.

படம் எடுத்துக்கொண்டு அரைமணி நேரத்தில் திரும்பும் பயணி, ஊருக்கு விட்டுச்செல்வது வண்டிப்புகையை மட்டுமே. இரண்டு இரவுகள் தங்கி, அங்குள்ள கடையில் ரொட்டி வாங்கி, சந்தையில் கனி வாங்கி, வணக்கம் சொல்லி வணக்கம் பெறும் பயணி, அக்கடை திறந்திருப்பதற்குத் தம்மால் இயன்ற சிறு காரணமாகிறார்.

நகரமா, நாட்டுப்புறமா என்னும் வினா, இறுதியில் எத்தனை ஊர்கள் என்னும் வினாவாக மாறுகிறது. தொலைவைக் கிலோமீட்டரால் அளவாமல் மணிநேரத்தால் அளந்து, கிழமையும் பருவமும் அறிந்து, ஒன்றையொன்று விளக்கும் இரண்டு இடங்களைத் தேர்பவருக்கு ஏழு நாள்கள் குறைவல்ல. விடுபட்ட ஊர்கள் அங்கேயே இருக்கும். நின்று பார்த்த இடங்களே உடன் வரும்.

தெரியுமா?

ஓர்சே அருங்காட்சியகம் தொடக்கத்தில் ஒரு தொடர்வண்டி நிலையமாகும். 1900ஆம் ஆண்டு பாரிசில் நடைபெற்ற உலகக் கண்காட்சியையொட்டி அது கட்டப்பட்டது. வண்டிகள் நீண்டபோது அதன் நடைமேடைகள் போதாமையால் தொலைதூர வண்டிகள் நிறுத்தப்பட்டன. இடிக்கப்படும் நிலையிலிருந்து காக்கப்பட்ட அக்கட்டடம் 1986இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நிலையத்தின் பெருங்கடிகாரம் இன்றும் அங்கே உள்ளது.

சொல்லும் பொருளும்

சேய்மை – தொலைவு
விரற்கடை – விரலளவு
விஞ்சியது – மிஞ்சியது
தாள் – அறுவடைக்குப்பின் நிலத்தில் நிற்கும் அடித்தண்டு

கற்பவை கற்றபின்

1. ‘குறைவான ஊர்களைத் தேர்ந்தவரே மிகுதியாகக் காண்கிறார்.’ இக்கூற்றைப் பத்து நாள் பயணத்துக்குப் பொருத்திக் கணக்கிட்டு, உங்கள் முடிவை வகுப்பில் முன்வைக்க.
2. ‘லெகிராந் விண்மீன்’ பிரான்சின் நகரங்களையும் சிற்றூர்களையும் எவ்வாறு பாதித்தது? விளக்குக.
3. ஜிவெர்னியில் குளம் அமைப்பதை எதிர்த்த உழவர் ஒருவருக்கும் மோனேவுக்கும் இடையே நிகழ்ந்திருக்கக்கூடிய உரையாடலைக் கற்பனையாக எழுதுக.
4. சுற்றுலாவால் ஒரு சிற்றூர் அடையும் நன்மைகளையும் இழப்புகளையும் ஒப்பிட்டுக் கட்டுரை வரைக.